பழைய சாளரங்கள்

என் மேசைமேல் இருக்கும் கணினிக்குள்ளே சில மாதங்களாகப் பழைய கணினியொன்று குடியிருந்து வருகின்றது. அதன் பெயர் ஓபரோன். சுவிற்சர்லாந்து தேசத்துச் சூரிக் நகரிலே 1986 ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கப்பெற்றது. கறுப்பும் வெள்ளையுமன்றி வேறு நிறம் அறியாது, பாட்டுப் பாடாது, படம் ஓட்டாது. மாலை நேரங்களில் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, என்னோடு ஒரே பாடசாலையிற் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், "புதுவீடு கட்டிய பிறகு பழைய கொட்டிலிலே போய்ப் படுக்கிறீரே!" என்று நகைத்தார். அன்று அவருக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. சொல்லவேண்டிய மறுமொழி சற்று நீளமானது. ஆதலால் இங்கே எழுதுகின்றேன்.

சாளரம் என்று கணினித் துறையில் நாம் சொல்வது திரையிலே தோன்றும் ஒரு செவ்வகத்தை. அதற்குள் எழுத்து இருக்கும், படம் இருக்கும். அதனை இழுக்கலாம், சுருக்கலாம், மூடலாம். இது கணினியோடு கூடப் பிறந்த உறுப்பென்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று, சிலர் இருந்து யோசித்துச் செய்த பொருள் இது. கலிபோர்னியாவிலே பாலோ அல்ற்றோ என்னும் ஊரில் ஸெரொக்ஸ் நிறுவனம் 1970 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கிற்று. 1973 இல் அங்கே அல்ற்றோ என்ற பெயரோடு ஒரு கணினி எழுந்தது. அதன் திரையிற் குறுக்கே 606 புள்ளிகள், நெடுக்கே 808 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓரிடம். பெருக்கிப் பார்த்தால் 489,648 இடங்கள்; அதாவது 61,206 பைற். முதலிற் செய்த அல்ற்றோவின் நினைவகம் முழுவதுமே 128 கிலோபைற்றுத்தான். திரையை வரைவதற்கு மாத்திரம் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்துவிட்டார்கள்! அந்நாட் கணக்கில் இது பெரிய ஊதாரித்தனம். இந்த ஊதாரித்தனத்தை வாசகர் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு வேலை உண்டு.

அந்த நிலையத்திலே அலன் கே என்பவரும் அவருடைய குழுவினரும் சிமோல்ரோக் என்னும் மொழியை ஆக்கியபொழுது, மேசைமேற் கடதாசிகள் ஒன்றன்மேலொன்று கிடப்பதுபோலத் திரையிலும் செவ்வகங்களை ஒன்றன்மேலொன்றாக இட்டனர். அங்கேதான் சிக்கல் தோன்றியது. மேலே கிடக்கும் சாளரத்தை அகற்றினால், கீழே மறைந்து கிடந்ததை மீண்டும் யார் வரைவது? மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1984 இல் எழுந்த எக்ஸ் என்னும் சாளர முறைமை, "உன் பாகம் வெளிப்பட்டுவிட்டது, நீயே வந்து வரைந்துகொள்" என்று உரிய நிரலுக்குச் செய்தி அனுப்பும். அப்பிள் நிறுவனத்தின் பில் அற்கின்சன் கதை இன்னும் சுவையானது. 1979 இல் அவர் பாலோ அல்ற்றோவுக்குப் போய்ச் சிமோல்ரோக்கின் சாளரங்களைக் கண்டார். பாதி மறைந்த சாளரத்தின் வெளியே தெரியும் பகுதியை மட்டும் அது தானே வரைந்துகொள்வதாக அவருக்குத் தோன்றிற்று. அவர்களுக்கு இயன்றது நமக்கு இயலாதா என்று முயன்று, ஒழுங்கற்ற வடிவங்களைச் சுருக்கி வைத்து விரைவாகக் கணக்கிடும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். 1983 இல் வந்த லீசாவும் 1984 இல் வந்த மக்கின்ரொஷும் அந்த வழியிலேயே நின்றன. ஸெரொக்ஸ்காரர் அப்படி எதுவும் செய்திருக்கவில்லை என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. பார்வைப் பிழையினாற் பிறந்த கண்டுபிடிப்பு இது! தம்மால் இயலும் என்று நம்புகிறவனுக்குப் பிழையான பார்வையும் உதவி செய்கின்றது போலும்.

நம் கதைக்கு வருவோம். பாஸ்கல் மொழியை வகுத்த நிக்லவுஸ் விர்த் என்னும் பேராசிரியர் 1976-77 இல் ஓராண்டு பாலோ அல்ற்றோவிலே தங்கி அல்ற்றோவைப் பயன்படுத்தினார். ஊர் திரும்பியபொழுது அத்தகைய கணினியின்றி இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அது விலைக்குக் கிடையாத பொருள். ஆகவே தாமே ஒன்றைக் கட்டினார். லிலித் என்ற அக்கணினி 1980 இல் இயங்கியது. பின்னர் யூர்க் குட்னெக்ற் என்பவரோடு சேர்ந்து ஓபரோன் என்ற மொழியையும் முறைமையையும் ஆக்கினார். இருவரே, அதுவும் கற்பித்தலுக்கிடையிலே கிடைத்த நேரத்தில்!

சாளரம் சாளரத்தை மறைக்கும் சிக்கலுக்கு ஓபரோன் கண்ட தீர்வு, மறைக்கவே விடாமை. திரை நெடுக்கே பகுக்கப்பட்டிருக்கும். சாளரங்கள் ஒன்றன்கீழொன்றாக அடுக்கப்பட்டிருக்கும். புதியதொன்று வந்தால் மற்றவை ஒதுங்கி இடங்கொடுக்கும். ஒரு குடும்பத்திலே மருமகள் வந்தால் அறை பிரிப்பதில்லையா, அதுபோல. இதனினும் அழகானது வேறொன்று. ஓபரோனிலே பொத்தான்களும் பட்டியல்களும் வேறு, எழுத்து வேறு என்ற பேதம் இல்லை. திரையில் எங்கே இருந்தாலும் ஒரு கட்டளையின் பெயர் எழுத்தாக இருந்தாற் போதும். அதன்மேற் சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்தினால் அக்கட்டளை நிறைவேறும். எனக்கு வேண்டிய கட்டளைகளை ஒரு தாளிலே நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். அத்தாளே என் கருவிப்பெட்டி. சொல்லே செயலாகிறது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதைவிட இனிப்பான ஏற்பாடு வேறென்ன இருக்கக்கூடும்?

1992 இல் விர்த்தும் குட்னெக்ற்றும் இந்த முறைமை முழுவதையும், மூல நிரல்களோடும் விளக்கத்தோடும், ஒரே நூலாக வெளியிட்டனர். ஆண்டுகள் கழிந்தன. ஓபரோன் ஓடிய கணினிக்குரிய செயலிச் சில்லு சந்தையை விட்டுப் போயிற்று. நூல் இருந்தது, அது சொல்லும் பொருள் ஓடுவதற்கு உலகிற் கணினி இல்லை. எண்பதை அண்மித்த வயதிலே விர்த் என்ன செய்தார்? செயலியையும் தாமே வடிவமைத்தார்! மாணவர் பயிலும் ஒரு சிறு மின்சுற்றுப் பலகையிலே அதனை அமைத்து, 1 மெகாபைற் நினைவகத்துக்குள் முறைமை முழுவதையும் மீண்டும் எழுப்பி, 2013 இல் நூலைத் திருத்தி வெளியிட்டார். 2024 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அவர் காலமானார். நான் கையில் வைத்திருக்கும் கைத்தொலைபேசியின் நினைவகம் 4 கிகாபைற். அதாவது அவர் பலகையிலிருந்ததைப்போல 4,096 மடங்கு. அதன் உட்கிடை முழுவதையும் அறிந்த ஒரு மனிதர் இவ்வுலகில் இல்லை.

பழைய சாளர முறைமைகளை உயிர்ப்பிக்கும் முயற்சி இன்று பல இடங்களில் நடைபெறுகின்றது. 2012 இல் பழைய யூனிக்ஸ் கணினிகளின் பொது மேசைத்தளம் மூல நிரலோடு திறந்து விடப்பட்டது. 2014 இல் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அரும்பொருளகம் அல்ற்றோவின் மூல நிரல்களை வெளியிட்டது. அதே ஆண்டிலே, சிமோல்ரோக்கை ஆக்கியவர்களுள் ஒருவரான டான் இங்கல்ஸ் நண்பரோடு சேர்ந்து, 1978 ஆம் ஆண்டுச் சிமோல்ரோக்கை இன்றைய இணைய உலாவிக்குள் இயங்கச் செய்தார்.

இம்முயற்சிகளை நாடுவோருள் இருவகையினரைக் காண்கிறேன். ஒரு சாரார் பழைய தோற்றத்தை மாத்திரம் விரும்புகின்றனர். சாம்பல்நிறப் பொத்தான், புள்ளி புள்ளியான எழுத்து, இயங்கத் தொடங்கும்பொழுது எழும் அந்தப் பழைய ஒலி. இது பிழையன்று; ஆயினும் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு நிழற்படம் எடுப்பதனோடு முடிந்துவிடுகின்ற விருப்பம். மற்றச் சாரார் மூலத்தைப் படிக்கின்றனர். "இந்த வரி ஏன் இங்கே இருக்கின்றது?" என்று கேட்கின்றனர். உயிர்ப்பித்தல் என்ற சொல்லுக்கு உரியவர்கள் இவர்களே என்பது என் கருத்து.

ஏனென்றால் இன்றைய கணினிப் பண்பாட்டில் நாம் இழந்தது வேகமன்று, அழகுமன்று. "இதை நான் அறியலாம்" என்ற துணிவை இழந்திருக்கின்றோம். இரவிலே நாம் உறங்கும்பொழுது கருவி தானே தன்னை மாற்றிக்கொள்கின்றது. காலையிற் பார்த்தால் நேற்றிருந்த பொத்தான் அவ்விடத்தில் இல்லை. கேட்பதற்கு ஆளில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமும் நமக்கு வருவதில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்ற பாடத்திலே எதை எங்கே அழுத்துவது என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் பரீட்சை எழுதி முடிப்பதற்குள் அந்த இடம் மாறிவிடுகின்றது. மென்பொருள் மெலிந்திருக்க வேண்டும் என்று விர்த் 1995 இலேயே ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகம் கூடுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமடைகின்றது என்ற கருத்து அக்கட்டுரையிலிருந்தே பரவியது. அதனை அவர் மார்ட்டின் ரைசர் என்பாருக்கு உரியதாகச் சொல்லியிருந்தும், உலகம் விர்த்தின் விதி என்றே பெயரிட்டு விட்டது.

இவ்வளவையும் நான் என் மாணவர் ஐந்தாறு பேரிடம் ஒருநாட் பின்னேரம் மிக உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டிருந்த மாணவி ஒருத்தி, "இதிலே தமிழ் வருமா, சேர்?" என்றாள்.

வராது.

அந்த ஒரு கேள்வியோடு என் பிரசங்கம் நின்றுவிட்டது. ஓபரோனின் எழுத்துரு நிரலைத் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்துருவுக்கு 128 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை. ஆங்கில நெடுங்கணக்குக்கும் இலக்கங்களுக்கும் குறிகளுக்கும் அது போதும். ஓர் எழுத்துக்கு ஓர் உருவம், உருவங்கள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்று. "கொ" என்று எழுதும்பொழுது உயிர்க்குறியின் ஒரு பாதி முன்னேயும் மறுபாதி பின்னேயும் போய் நிற்கும் ஒரு மொழி உலகில் உண்டென்பதை அந்த நிரல் எண்ணியும் பார்க்கவில்லை. நான் இவ்வளவு நாளும் கொழுப்பென்று இகழ்ந்த பாரத்தில் ஒரு பங்கு நம்முடைய எழுத்து அன்றோ!

இன்று கைத்தொலைபேசியிலே தமிழ் எழுதுகின்றோமே, அதன் வேரும் ஸெரொக்ஸ் நிறுவனத்துக்கே போகின்றது. அல்ற்றோவின் வழிவந்த ஸ்ரார் என்னும் கணினி 1981 இல் விற்பனைக்கு வந்தது. அதிலே பல மொழிகளை ஒரே ஏட்டில் எழுதச் செய்யும் வேலையில் ஈடுபட்டிருந்தவர் ஜோ பெக்கர். 1984 இல் அவர் அதனை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1988 இல் உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே குறிமுறை வேண்டும் என்று யூனிக்கோட் என்ற பெயரோடு ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இன்று அக்குறிமுறையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை வரைவதற்கு வேண்டிய அட்டவணைகளும் விதிகளும் 1 மெகாபைற்றுக்குள் அடங்குவன அல்ல. திரைக்காகப் பாதி நினைவகத்தைச் செலவிட்ட அல்ற்றோக்காரர்களை நினைத்துக்கொண்டேன். ஊதாரித்தனம் இரண்டு வகை போலும். புதிதாக ஒருவரை உள்ளே அழைப்பதற்குச் செய்யும் செலவு ஒன்று. நாம் எதைப் பார்க்கிறோம், எங்கே நிற்கிறோம் என்று ஒற்றுப் பார்ப்பதற்கும் விளம்பரங்களை நம் கண்முன் நிறுத்துவதற்கும் செய்யும் செலவு மற்றொன்று. மெலிவையே பெரிதென்று கொண்ட விர்த்தின் வாதத்திலே இப்பிரிவினை தெளிவாக இல்லை என்பது என் குறை. அவரை மிக மதிப்பவன் என்ற உரிமையோடு இதைச் சொல்கிறேன்.

ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. கைத்தொலைபேசி தமிழை எப்படி வரைகின்றது என்று ஒரு மாணவருக்கு நான் திறந்து காட்ட இயலாது. ஓபரோன் ஏன் வரையவில்லை என்பதைக் காட்ட இயலும். விரலை வைத்து, இந்த வரி என்று காட்ட இயலும். காட்டினால் திருத்தவும் இயலும் அல்லவா?

கணக்குப் போட்டோம். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று. பதினெட்டு மெய்க்கும் புள்ளியுடையது, அகரமேறியது, இகர ஈகாரம், உகர ஊகாரம் என ஆறாறு உருவங்கள், ஆக 108. பின்னர்க் காலும் இருவகைக் கொம்பும் ஐகாரக் குறியுமாக நான்கு. ஔகாரத்துக்கு ளகரத்தையே இரவல் வாங்கலாம். கூட்டினால் 125. ஓபரோனில் ஓர் எழுத்துக்கு உரிய இடம் எட்டுப் பிற்; 256 வரை எண்ணலாம். கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு இருக்க, மேற்பாதி 128 இடத்துள் தமிழ் அடங்கிவிடுகின்றது. மிச்சம் மூன்றே மூன்று. வடவெழுத்துகளுக்கு இடமில்லை. தனித்தமிழ் அன்பர்கள் மகிழலாம். ஆனால் இந்த முறையில் ஸெரொக்ஸ் என்று எழுத இயலாது. அட்டவணையைப் பெருப்பிக்க மாற்ற வேண்டியவை சில வரிகளே. உருவங்களைப் புள்ளி புள்ளியாக மாணவர் கட்டமிட்ட கொப்பியில் வரைகின்றனர்.

கொம்பிலேதான் வழக்கு. ஒரு மாணவன், பாமினியிலே தட்டச்சுச் செய்வதுபோலக் கொம்பை முதலிலேயே எழுதி வைத்துவிடலாம், நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்கிறான். கேள்வி கேட்ட மாணவி அதற்கு ஒருப்படவில்லை. அப்படி வைத்தால் அகரவரிசைப்படுத்த இயலாது, தேட இயலாது. சொல்லும் ஒழுங்கிலே சேமித்து, வரையும்பொழுது மாத்திரம் முன்பின்னாக்க வேண்டும் என்கிறாள். அவ்வாறாயின் வரைகின்ற நிரல் ஓர் எழுத்தை எடுத்தவுடன் அடுத்ததையும் எட்டிப் பார்க்க வேண்டும். சுட்டுக்கோடு ககரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே எங்கே நிற்பது என்ற வினாவும் எழும். இருவரும் மூல நிரலின் அதே பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டு சண்டையிடுகின்றனர். நகைத்த நண்பரும் இப்பொழுது இடையிடையே வந்து, தொல்காப்பியத்து எழுத்ததிகாரம் பக்கமாக நின்று ஏதோ சொல்லிப் போகின்றார். சென்ற வெள்ளிக்கிழமை வரையில், திரையிலே "படி" வந்துவிட்டது, "கொடி" வரவில்லை.