யார் பெத்த யோசனை?

நீங்கள் தென்காசிக்காரர் என்றால் இந்த மாதிரிக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவாக இருக்கும். இல்லாவிட்டால் குற்றாலத்தில் சீசன் சமயத்தில் ஏதாவது ஒரு சங்கம் நடத்தும் பெற்றோர் பயிலரங்கமாக இருக்கும். பேச வருகிறவர் பெயருக்கு முன்னால் ‘குழந்தை வளர்ப்பு நிபுணர்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கும். அவர் ஒரு கதை சொல்வார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹெட்மாஸ்டர். ஒரு பொம்பளைப் பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துல வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. இவரு அதை முன்னால உக்கார வச்சி, மனசுல இருக்கிறதை எல்லாம் சொல்லச் சொன்னாரு. அது நாலு மணி நேரம் பேசுச்சு. இவரு நாலு மணி நேரமும் கேட்டாரு!”

கைதட்டல். பின்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அந்த ஹெட்மாஸ்டரை இவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் பெயர் கோபயாஷி. டோக்கியோவில் 1937ல் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடம் 1945ல் குண்டுவீச்சில் எரிந்து போனது. நாலு மணி நேரம் பேசிய சிறுமி டெட்சுகோ குரோயாநாகி. பின்னாளில் ஜப்பான் முழுக்கத் தெரிந்த தொலைக்காட்சி நட்சத்திரம். அவர் 1981ல் எழுதிய ‘டோட்டோ சான்’ புத்தகத்தில்தான் இந்தக் கதை இருக்கிறது. தமிழிலும் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது.

பேச்சாளர் அத்தோடு நிற்க மாட்டார். பிள்ளைகள் பெற்றவர்களின் சொத்து அல்ல என்று அடுத்து ஒரு தத்துவம் வரும். கலீல் ஜிப்ரான் 1923ல் வெளியிட்ட ‘தீர்க்கதரிசி’யில் இருக்கிற பக்கம் அது. ஜிப்ரான் பெயரைக் காணோம். ‘என்னோட அனுபவத்துல சொல்றேன்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்.

மேடை மட்டுமில்லை. குழந்தை வளர்ப்புப் புத்தகங்களைப் புரட்டுங்கள். பக்கத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஜானை ராஜாவாக்கி, ஆப்பிளை மாம்பழமாக்கி எழுதியது பல இடங்களில் பளிச்சென்று தெரியும். எடுத்த இடத்தைச் சொல்ல ஒரு வரி இருக்காது.

அடுத்தவர் கருத்தை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருத்துக்கு யாரும் பட்டா போட முடியாது. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம்கூட எழுதிய எழுத்துக்குத்தான் பாதுகாப்புக் கொடுக்கிறது, கருத்துக்கு இல்லை. அதுவும் பிள்ளை வளர்ப்பில் புத்தம் புதிதாக யார் என்ன கண்டுபிடித்துவிட முடியும்? மனுஷ ஜாதி தோன்றிய நாளிலிருந்து நடக்கிற காரியம்.

உண்மையிலேயே பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மரியா மாண்டிசோரி 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்தம் காரணமாக வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தன் முறைக்கு மூலம் இட்டார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர்களுடைய நூல்களைத் தன் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தாராம். அந்த மாண்டிசோரியைப் படித்துத்தான் குஜராத்தில் வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேகா வேலையை விட்டுவிட்டு, 1920ல் பாவ்நகரில் பால மந்திர் ஆரம்பித்தார். அவரும் அதை ஒளிக்கவில்லை. கடனைச் சொன்னதால் இவர்களில் யாராவது குள்ளமாகிப் போனார்களா?

நம் தமிழிலேயே பிள்ளைத்தமிழ் இருக்கிறது. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தை வளர வளரப் பத்துப் பருவம். பெரியாழ்வார் பாசுரங்களில் அதற்கு வித்து. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், 17ஆம் நூற்றாண்டில் நம்ம ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் என்று எத்தனையோ பேர் அதே பத்தில் பாடினார்கள். ‘இந்தப் பத்துப் படிகள் என் கண்டுபிடிப்பு’ என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு நிபுணர் கையில் இது கிடைத்தால், தன் பெயரைப் போட்டு ‘டென் ஸ்டெப் ஃபார்முலா’ என்று ஆயிரம் ரூபாய்க்கு வகுப்பு நடத்திவிடுவார்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. மேல் பண்டிதர்களுக்கு ஒரு பெரிய கோபம் உண்டு. கம்பன் பாட்டில் தனக்குச் சரியில்லை என்று பட்ட சொல்லை மாற்றினார், பல பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினார் என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன் சொல்லைக் கம்பன் கணக்கில் வரவு வைத்தார் என்பதுதான் அவர் மேல் புகார். இன்றைக்கு அதே குற்றாலத்து மேடையில் அடுத்தவர் சொல்லைத் தன் கணக்கில் வரவு வைக்கிறார்கள். இதற்குப் பொன்னாடை வேறு!

“பிள்ளைக்கு நல்லது நடந்தாச் சரி. யார் சொன்னா என்ன? வள்ளுவரே யார் சொல்றாங்கன்னு பாக்காதன்னுதானே சொல்லியிருக்காரு?” என்று நீங்கள் கேட்கலாம். வள்ளுவர் பாதியில் நிறுத்தவில்லை. அதில் உண்மை எது என்று பார் என்கிறார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாவிட்டால் எதை வைத்துப் பார்ப்பது?

இது வெறும் மரியாதைப் பிரச்னை இல்லை. உயிர்ப் பிரச்னை. டாக்டர் ஸ்பாக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் புத்தகம் 1946ல் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்றார். மல்லாந்து படுத்தால் கக்கும்போது மூச்சடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த நாட்களில் வேறு பல புத்தகங்களும் அதையே சொல்லின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அம்மாக்கள் அப்படியே செய்தார்கள். குப்புறப் படுத்த குழந்தைகள்தான் தூக்கத்தில் திடீரென்று அதிகம் இறந்தன. மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும்தான் தொடங்கியது. 1970 வாக்கிலேயே கையில் இருந்த ஆதாரங்களைச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது.

ஸ்பாக் புத்தகத்தின் பிந்தைய பதிப்புகள் அந்த யோசனையைத் திருத்திக்கொண்டன. பெயர் போட்ட புத்தகம் என்பதால் திருத்த முடிந்தது. அதிலிருந்து உருவி, ‘என் அனுபவம்’ என்று எங்கோ ஒருவர் எழுதிவைத்ததை யார் தேடிப்போய்த் திருத்துவார்கள்? பெயரில்லாத யோசனை தப்பாக இருந்தாலும் ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்கும்.

இந்தத் திருட்டில் இன்னும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ‘அமெரிக்காவுல ஒரு ஆய்வு சொல்லுது’. எந்த ஆய்வு, எந்த வருஷம்? தெரியாது. இன்னொன்று, ‘நம்ம முன்னோர்கள் சொல்லியிருக்காங்க’. எந்த முன்னோர்? பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதும் முன்னோர் வழக்கம்தான். முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் போதும், ஒரு வயசுக்குள் தேன் கூடவே கூடாது என்று மருத்துவம் இன்று திட்டமாகச் சொல்கிறது. பெயர் சொல்லாமல் முன்னோரை இழுப்பவர் முன்னோர் மேல் உள்ள மதிப்பில் இழுக்கவில்லை. கேள்வி வராமல் இருக்கத்தான்.

இதைவிட நம்ம ஊர் ஆச்சிமார் எவ்வளவோ மேல். இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு ஆச்சியிடம் பிள்ளைக்கு வயிற்று உப்புசம் என்று கேட்டுப் பாருங்கள். “இது எங்க மதினி கடையத்துல இருந்து வந்தப்ப சொன்னது. எம் மூத்தவனுக்குக் கேட்டுச்சு, ரெண்டாவதுக்குக் கேக்கலை. எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை கேட்டுக்கிடு தாயி” என்பார். மூலம் சொல்லியாச்சு. பலித்தது, பலிக்காதது சொல்லியாச்சு. எச்சரிக்கையும் கொடுத்தாச்சு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆச்சிக்குத் தெரிந்த ஒழுங்கு, பட்டம் வாங்கிய நிபுணருக்கு ஏன் தெரியவில்லை?

இத்தனையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, நம் பிள்ளைகள்! பரீட்சையில் காப்பி அடிக்காதே என்கிறோம். பேச்சுப் போட்டிக்கு ‘நேர்மை’ என்று தலைப்புக் கொடுத்தால், எங்கிருந்தோ நாமே எடுத்துக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறோம். பிள்ளை கப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அன்றைக்கு அது என்ன கற்றுக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து கையைத் தூக்குங்கள். ‘ஐயா, நல்லாச் சொன்னீங்க. இது எந்தப் புத்தகத்துல இருக்கு? யார் எழுதினது?’ என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். பெயர் சொல்கிறவர் நிஜமாகவே படித்தவர். அவருக்கு இன்னும் பலமாகக் கை தட்டுங்கள். கோபப்படுகிறவருக்குச் சூடாக ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, தென்காசி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.