மதம் இல்லாதவருக்கும் ஒரு கட்டம்

1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் முகப்புரை விவாதத்துக்கு வந்தது. அது ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார் எச்.வி. காமத். கடவுள் என்பதைவிடத் தேவியின் பெயரால் என்றிருக்கலாமே என்றார் அசாமின் ரோகிணி குமார் சௌத்ரி. கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடம் வேண்டாமே என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். திருவிதாங்கூரிலிருந்து வந்த பட்டம் தாணு பிள்ளை விஷயத்தின் மையத்தைத் தொட்டார்: நம்புவதும் நம்பாமலிருப்பதும் அவரவர் உரிமை, முகப்புரையில் கடவுள் வந்தால் அது நம்பிக்கையைக் கட்டாயப்படுத்துவதாகும். காமத் விடவில்லை. வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவு 41, எதிர்ப்பு 68.

எதிர்த்த 68 பேரும் நாத்திகர்கள் அல்லர். கும்பிடுவது தனக்கும் தன் சாமிக்கும் இடையிலான காரியம், அதை அரசின் பெயரால் செய்ய வேண்டியதில்லை என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. முக்கால் நூற்றாண்டு கழித்தும் அந்தத் தெளிவு நம் அரசு அலுவலகங்களின் படிவங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

பதவியேற்பை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணை இரண்டு வழி தருகிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம். 2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல்வர் பொறுப்பேற்றது இரண்டாவது வழியில். இந்த உரிமை உலகில் சும்மா வந்துவிடவில்லை. 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, உறுதிமொழித் தகராறில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் முறையாக அமர ஆறு ஆண்டுகள் ஆயின. நடுவில் ஓர் இரவு நாடாளுமன்ற மணிக்கூண்டுச் சிறையிலும் இருந்தார். அதே 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவவிவேசினி’ என்ற இதழில் கடவுள் மறுப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆக, இது நம்மூருக்குப் புதிய பேச்சும் அல்ல.

முதல்வருக்குக் கிடைக்கும் இந்த வசதி, மகளைப் பள்ளியில் சேர்க்கப் போகும் தகப்பனுக்கு எளிதில் கிடைப்பதில்லை. மாற்றுச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை விருப்பம்போல் காலியாக விடலாம் என்று தமிழக அரசு 1973இலேயே ஆணையிட்டது. 2000இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஆணை கோப்பில் இருக்கிறது. அதைத் தலைமையாசிரியருக்கு எடுத்துச் சொல்லும் வேலை பெற்றோர் தலையில் விழுகிறது.

திருப்பத்தூரில் 2019இல் ஒரு பெண் வழக்கறிஞர் ‘சாதி, மதம் அற்றவர்’ என்ற சான்றிதழைப் போராடிப் பெற்றபோது நாடே செய்தி வெளியிட்டது. அதே மாவட்டத்தில் இன்னொருவர் கேட்டபோது, அப்படிச் சான்று தரத் தாசில்தாருக்கு அதிகாரமில்லை என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் அவர் மனுவைத் தள்ளினார். 2025 ஜூனில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, சான்றிதழ் வழங்கவும், வருவாய்த் துறைக்கு உரிய அதிகாரம் அளித்து அரசாணை வெளியிடவும் உத்தரவிட்டது. ஒரு குடிமகனை மதமில்லாதவன் என்று ஒரு தாளில் எழுதித் தர இத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது.

மும்பை உயர் நீதிமன்றம் 2014இலேயே இதில் தெளிவாக இருந்தது. கிறிஸ்தவத்தை விட்டு, எந்த மதமும் இல்லாதவர்களாக அரசிதழில் பதியக் கேட்டவர்களை மகாராஷ்டிர அரசு அச்சகம் திருப்பி அனுப்பியது. மதத்தை அறிவிக்கும்படி அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, மதம் இல்லை என்று சொல்வதும் 25ஆவது பிரிவு தரும் மனச்சான்று உரிமைக்குள் அடங்கும் என்றது தீர்ப்பு.

சட்டத்தின் கண்ணில் நாத்திகர் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அண்ணா ஆட்சி 1967இல் சட்டம் இயற்றி அந்தத் திருமணங்களைக் காப்பாற்றியது. பெரும் சாதனைதான். ஆனால் அது இந்து திருமணச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு. இரு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். கடவுளை மறுத்து மாலை மாற்றிக்கொள்ளும் இருவரும் பதிவேட்டில் இந்துக்களாகவே கையெழுத்திடுகிறார்கள். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டுவிட்ட கேரளப் பெண் ஒருவர், வாரிசுரிமையில் ஷரியத்துக்குப் பதில் பொதுவான இந்திய வாரிசுரிமைச் சட்டம் தமக்குப் பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். நம்பிக்கை போன பின்னும் பிறந்த மதத்தின் சட்டம் அவரை விடவில்லை.

இவை எல்லாவற்றிலும் கடுமையான சிக்கல் தலித் நாத்திகருக்கு. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும். பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் நீட்டிக்கப்பட்டது. எந்த மதமும் இல்லை என்பவர் எங்கே நிற்கிறார் என்று அந்த ஆணை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பட்டியல் சாதிப் பதிவு இந்த மூன்று மதத்தாருக்கே. மதத்தை மறுத்தால் ஊரில் சாதிக் கொடுமை நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் அந்தக் கொடுமைக்கு ஈடாகத் தரப்படும் இடஒதுக்கீடு கைவிட்டுப் போகும் அபாயம் உண்டு. மதமற்றவர் என்று அறிவிப்பது வசதி உள்ளவர்களின் ஆடம்பரம் என்று ஏளனம் பேசுவோர், அதை ஆடம்பரமாக்கி வைத்திருப்பது இந்த விதிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை பேர் இருக்கிறார்கள், இவர்களுக்காக இவ்வளவு பேச்சா என்பது அடுத்த கேள்வி. 2011இல் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் 33,304 பேர். மதத்தைக் குறிப்பிடாதவர்கள் என்ற கணக்கில் சுமார் 28.7 லட்சம் பேர். அந்தப் படிவத்தில் ஆறு மதங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். மற்றவை எழுதி நிரப்ப வேண்டியவை. மதம் இல்லை என்பதற்கு எண் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு, 2021இல் 37.2 விழுக்காட்டினர் அதில் குறியிட்டார்கள். இந்தியாவில் அவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் கனவு காணவில்லை. கேட்காமலேயே யாரும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதே வாதம்.

மதக் கேள்வியையே நீக்கிவிடலாம் என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கவில்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையை 2006இல் சச்சார் குழு எண்களோடு நிறுவியிருக்க முடியாது. கேள்வி இருக்கட்டும், பதிலுக்கு இடம் வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. இம்முறை சாதியும் கேட்கப்படும். பதிவு கைபேசிச் செயலி வழியே நடக்கும். செயலியில் ஒரு தெரிவைச் சேர்க்கக் கோடிகள் தேவையில்லை. ஒன்றிய அரசு ‘மதம் இல்லை’ என்பதைத் தனி எண்ணோடு சேர்க்க வேண்டும். அதைத் தேர்ந்தவரின் சாதியும் தடையின்றிப் பதிவாக வேண்டும். மதத்தை மறுத்ததால் பட்டியல் சாதித் தகுதி போகாது என்று தெளிவுபடுத்த வேண்டும். சான்றிதழ் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன அரசாணை ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் நடைமுறையில் இருப்பதைத் தமிழக அரசு உறுதிசெய்ய வேண்டும்.

கணக்கெடுப்புச் சட்டம் 1948, கேட்ட கேள்விக்குத் தாம் அறிந்தவரை, நம்புகிறவரை பதில் சொல்லும் கடமையை எல்லோருக்கும் விதிக்கிறது. கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது, மதம் இல்லாதவர்கள், ‘வீட்டுப் பெரியவர் சொல்லட்டும்’ என்று உள்ளே போய்விட வேண்டாம். தங்கள் பதிலைத் தாங்களே சொல்லி, அது அப்படியே பதிவானதா என்று பார்த்துவிட்டு அவரை அனுப்புங்கள்.