உராய்வு என்று எழுதி முடிக்காதீர்கள்: பட்டாசுத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் ஒரு சொல் தவறாமல் வரும்: உராய்வு. மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்று எழுதுவார்கள். செத்தவரின் கைதான் குற்றவாளி என்பதுபோல விஷயம் அதோடு அடங்கிவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மருந்தோடு பிழைக்கும் நாங்கள் ஆலை உரிமையாளர்கள் முன் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

உராய்வு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. தீபாவளி நெருங்கினால் அதே அறையில் எட்டுப் பேர் முட்டிக்கு முட்டி உட்காருகிறோம். அறை பத்தாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. கூலி பீஸ் கணக்கு. நிதானமாகச் செய்தால் அன்றைய வீட்டுச் செலவுக்குக் காணாது. அவசரத்தில் சிந்திய மருந்தைக் கூட்டி அள்ளக்கூட நேரம் இருக்காது. அந்த அவசரத்தைப் போர்மேன் வாயால் ஏவிவிடுவது நிர்வாகம்.

ஆகவே முதல் கோரிக்கை: மருந்து கலக்குபவருக்கும் அதைப் பட்டாசுக்குள் செலுத்துபவருக்கும் பீஸ் ரேட் வேண்டாம்; நாள் சம்பளம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதையே பெரிதாகக் கேட்கிறோம். நாலு பேர் விதியும் இதோடு சேர்ந்துதான் நிற்கும்.

அடுத்தது உள்குத்தகை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். இரண்டு இடத்திலும் உள்குத்தகைப் பேச்சு எழுந்தது. உரிமம் ஒருவர் பேரில், அறைகள் பலர் கையில் என்றால், பாதுகாப்புக்குச் செலவு செய்ய வேண்டியவர் யார்? உரிமத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே எல்லா அறைக்கும் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்.

ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறோம். மருந்து அறை வாசலில் ஒரு தாமிரத் தகடு இருக்கும். அதைத் தொட்டால் உடம்பில் ஏறிய மின்னூட்டம் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும். தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே அந்தக் கம்பி அறுந்து, ஒரு சீசன் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் காலையில் வரிசையாக நின்று தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போனோம். நைலக்ஸ் சேலை கட்டிய பெண்களும் அப்படித்தான் போனார்கள். பருத்தி உடுப்பு நிர்வாகம் தர வேண்டியது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தகடு, கம்பி, தரை ரப்பர் விரிப்பு, வாசல் தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி எல்லாம் தினமும் பார்க்கப்பட்டுக் கையெழுத்தாக வேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். மிஞ்சிய மருந்தை மறுநாளைக்கு வைக்காமல் அன்றே அழித்துவிடுங்கள். அதன் விலையை எங்கள் கூலியில் பிடிக்காதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபத்தில்லாத பணியிடம் தருவது முதலாளியின் கடமை என்கிறது. ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தரவும் சொல்கிறது. ஆனால் ஆபத்தான தொழிற்சாலையில் 250 பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். எங்கள் பக்கத்துச் சின்ன ஆலைகளில் அத்தனை பேர் ஏது? பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரு பாதுகாப்பு அலுவலரை வையுங்கள். ஆபத்து கண்டு வேலையை நிறுத்திய தொழிலாளியை மறுநாள் கேட்டில் திருப்பி அனுப்பக் கூடாது.

நியமனக் கடிதம் வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். பதிவேட்டில் பெயர் இருந்து இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால், வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவில் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். பெயர் இல்லாதவரின் மனைவி, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். துக்க வீட்டில் நீட்டும் காசோலை பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை வராது. சீசனுக்கு மட்டும் வருபவர் உட்பட எல்லோர் பெயரையும் முதல் நாளே பதியுங்கள்.

இந்தத் தொழிலை மூடச் சொல்லவில்லை. எங்களுக்கும் வேறு பிழைப்பு இல்லை. மானாவாரிக் காடு எத்தனை நாளைக்குச் சோறு போடும் என்று உங்களுக்கும் தெரியும். அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் பிடிப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.