வீட்டில் வெல்டிங் மெஷினா? முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஐடிஐ-யில் வெல்டர் டிரேட் முடித்த அக்கா மகன் போன மாதம் செல்போனை நீட்டினான். "மாமா, 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின். எட்டாயிரத்துச் சொச்சம்தான். வீட்லயே வச்சு கேட், கிரில் செஞ்சு குடுத்துருவேன்." திரையில் 200 என்ற எண் கொட்டை எழுத்தில் மின்னியது. சரி, அது வீட்டு லைனிலிருந்து எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று தேடினோம். நாலாவது படத்தில், மெஷினின் பின்பக்கத் தகட்டில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில் இருந்தது.

வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிற பலரும் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான். கம்பத்திலிருந்து வரும் லைன், மீட்டர் பெட்டி, எர்த் இந்த மூன்றும் என்ன தாங்குமோ, அதற்குத் தக்க மெஷின்தான் வீட்டில் ஓடும்.

கணக்கு சிக்கலானது இல்லை. கேட், கிரில், ஜன்னல் வேலைக்கு 2.5 மி.மீ. ராடு போதும், 60 முதல் 90 ஆம்ப். கொஞ்சம் கனமான ஆங்கிள் என்றால் 3.15 மி.மீ. ராடு, 100 முதல் 130 ஆம்ப். 100 ஆம்பில் வைத்து ஓட்டும்போது ஆர்க்கில் இருக்கும் வோல்டேஜ் சுமார் 24. பெருக்கினால் 2,400 வாட்ஸ். மெஷினுக்குள் சூடாக வீணாவதையும் சேர்த்தால் லைனிலிருந்து 3 கிலோவாட் போகும். "அவ்வளவுதானா, ரெண்டு அயர்ன் பாக்ஸ் மாதிரிதானே" என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். விலை குறைந்த இன்வெர்ட்டர் மெஷின்கள் பலவற்றில் பவர் ஃபேக்டர் 0.7-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 230 வோல்ட்டில் 13 ஆம்ப் அல்ல, 18, 19 ஆம்ப் இழுக்கும். நம் வீட்டுப் பவர் பிளக் 16 ஆம்புக்கானது. 3.15 ராடு போட்டால் 25 ஆம்பைத் தொடும். பிளக் டாப் உருகி, கருகிய வாடை வந்த பிறகு "மெஷின் சரியில்ல" என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் புண்ணியமில்லை.

இதெல்லாம் 230 வோல்ட் வந்தால். எங்கள் அக்கா வீடு ஊர்க் கடைசி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மீட்டர் பெட்டியில் 185 காட்டும். வோல்டேஜ் குறையக் குறைய மெஷின் அதே வேலைக்குக் கூடுதலாக ஆம்ப் இழுக்கும். இதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேறு. 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 30 மீட்டர் இழுத்து 18 ஆம்ப் ஓட்டினால், ஒயரிலேயே 21 வோல்ட் போய்விடும். 185-ல் 21 போனால் மிச்சம் 164. ராடு ஒட்டும், ஆர்க் அணையும், பழி வெல்டர் கைமேல் விழும். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் என்றால் இழப்பு 5 வோல்ட்தான். மெஷினில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாயை இந்த ஒயரில் போடலாம். ஒன்று, சுருட்டி வைத்த நிலையில் ஒயரை ஓட்டாதீர்கள்; உள்சுற்று சூடேறி உருகும்.

"மாமா, அதான் வீட்ல ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கே, கரன்ட் போனாலும் ஓடுமில்ல?" என்று அக்காவின் சின்ன மகள் கேட்டாள். சிரிக்க வேண்டாம், பெயர் செய்த குழப்பம். பேட்டரியோடு இருக்கும் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேன், லைட்டுக்கானது. பெரும்பாலும் ஆயிரம் விஏ-வைச் சுற்றித்தான் இருக்கும். வெல்டிங்குக்கு நாலாயிரத்துக்கு மேல் வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டருக்கும் இதே கதிதான். மெஷின் கேட்கும் விஏ-வுக்கு மேல் தாராளமாக இருக்கிற ஜெனரேட்டர் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பார்கள். அடித்துப் போட்டாலும் சாகாது, உண்மை. ஆனால் லைனை இன்னும் மோசமாக இழுக்கும். பல மெஷின்கள் ரெண்டு ஃபேஸ், 415 வோல்ட்டுக்குச் செய்தவை. பட்டறைக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

எர்த் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். வேலை செய்யும் இரும்பில் மாட்டுகிற கிளாம்பை எல்லாரும் "எர்த்" என்கிறோம். அதனாலேயே, எர்த் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்து மூணு பின் பிளக்கை வெட்டிவிட்டு ரெண்டு ஒயரை நேராகச் சொருகுகிறார்கள். அந்தக் கிளாம்ப் வெல்டிங் கரன்ட் திரும்பிப் போகிற வழி, அவ்வளவுதான். மெஷினின் இரும்புக் கூட்டில் மெயின் கரன்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்றுவது மூணாவது பின்னும், வாசலில் புதைத்த எர்த்தும், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி-யும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ராடு பக்கத்தில் சும்மா இருக்கும்போதே 60, 70 வோல்ட் நிற்கும். அதில் ஷாக் அடித்தால் ஆர்சிசிபி அசையாது, ஏனென்றால் மெஷினுக்குள் அந்தப் பக்கம் மெயினிலிருந்து தனியாகப் பிரிந்து இருக்கிறது. வியர்த்த கையோடு, ஈரத் தரையில், ரப்பர் செருப்போடு ராடு மாற்றுகிறவனுக்குக் காய்ந்த கையுறையும் ஷூவும்தான் கதி.

கடைசியாகச் சட்டம். தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓடுகிற வீட்டில் வெல்டிங் சேர்ந்தால் அது தாண்டிவிடும். சொந்த கேட்டை ஒட்டிக்கொள்வது ஒன்று, காசு வாங்கிக்கொண்டு ஊருக்குச் செய்து கொடுப்பது வேறு. வீட்டு இணைப்பில் தொழில் செய்து பிடிபட்டால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போடலாம். எட்டாயிரம் ரூபாய் மெஷின் வாங்கித் தொழில் தொடங்குகிற பையனுக்கு அந்த ஒரு நோட்டீஸ் போதும், கடையைக் கட்ட. 200 ஆம்ப் என்று பெரிதாக அச்சடிக்கிற கம்பெனிகள், அதற்குப் பக்கத்திலேயே "லைனில் இத்தனை ஆம்ப்" என்றும் அதே அளவில் அச்சடிக்க வேண்டும். விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஸ்டார் ஒட்டுகிறோம், இதை ஒட்டினால் என்ன?

மாப்ளையிடம் மெஷினை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். லைன், 25 ஆம்ப் எம்சிபி, நீலக் கலர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், புது எர்த் பிட் போட்டோம். மெஷினை விட அதற்குத்தான் செலவு அதிகம். அக்கா முணுமுணுத்தாள். மெஷின் 160 ஆம்புதான். தகட்டில் உள்ள இன்புட் ஆம்பைப் படித்துவிட்டு வாங்கினான். இப்போதைக்கு வீட்டு கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் மட்டும். அதுவும் பகல் பதினோரு மணிக்கு, வோல்டேஜ் 220 இருக்கும்போது. வெளி ஆர்டர் எடுக்க, தொழிலுக்கான த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்டு மின்வாரியத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறான். இன்னும் வரவில்லை.