கையால் அடித்த கத்தி: பிழைப்பா? பொழுதுபோக்கா?

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம் உண்டு. ஏரிகள் நிறைந்த இடம். 1936-ம் ஆண்டு அங்கே வாலூன் என்ற ஏரியின் கரையில் ஒருவர் தம் படகைச் சுத்தம் செய்து கொண்டிருந்தார். படகில் ஒட்டியிருந்த பழைய வர்ணத்தை ஒரு கத்தியால் சுரண்டிக் கொண்டிருந்தார்.

அதை ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் பெயர் ராண்டல். புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர். விடுமுறையைக் கழிக்க ஏரிக்கு வந்திருந்தார்.

படகைச் சுரண்டினால் எந்தக் கத்தியும் மழுங்கிப் போகும். ஆனால் அந்தக் கத்தி மழுங்கவில்லை! ராண்டலுக்கு ஆச்சரியம். அந்தக் கத்தியை அவர் விலை கொடுத்து வாங்கி விட்டார். ஸ்கேகல் என்ற தொழிலாளி தம் பட்டறையில் கையாலேயே செய்த கத்தி அது.

ஊருக்குத் திரும்பிய ராண்டல் தாமும் ஒரு கத்தி செய்து பார்க்க ஆசைப்பட்டார். மோட்டார் காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்தார். காய்ச்சினார், அடித்தார், தீட்டினார். எல்லாம் பொழுதுபோக்குக்காகத்தான்.

பிறகு இரண்டாவது உலகப் போர் வந்தது. சிப்பாய்கள் அவரிடம் கத்தி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பொழுதுபோக்கு, தொழில் ஆகி விட்டது. ராண்டல் 1989-ல் காலமானார். அவர் குடும்பத்தார் இன்றும் அந்தத் தொழிலை நடத்துகிறார்கள். அங்கே ஒரு கத்திக்கு ஆர்டர் கொடுத்தால், அது கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்!

எந்திரம் இருக்கும் போது கை எதற்கு?

இது எந்திர யுகம். ஒரு தொழிற்சாலையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கத்திகளை அச்சில் வெட்டித் தள்ளி விடலாம். கடைக்குப் போனால் காய்கறி வாங்கும் காசுக்கு ஒரு கத்தி கிடைக்கிறது. அப்படியிருக்க, உலையின் முன் வேர்த்து விறுவிறுத்து நாள் முழுவதும் ஒரு கத்தியை அடிப்பவனுக்கு எதிர்காலம் உண்டா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பல வீடுகளில் கேட்கப்படுகிறது. மகன் வேலையை விட்டு விட்டுப் பட்டறை வைக்கப் போகிறேன் என்கிறான். தாய் கவலைப்படுகிறாள். தகப்பன் கோபிக்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்தத் தொழில் அழியவில்லை, வளர்ந்திருக்கிறது. ஆனால், அதை மட்டுமே நம்பி அடுப்பு எரிப்பது கடினம். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

ஒன்பது மாதம் காத்திருக்க மறுத்தவர்

ராண்டலின் கத்தியைத் தேடி 1953-ல் ஒரு வாலிபர் நியூயார்க் நகரின் பெரிய கடை ஒன்றுக்குப் போனார். அவர் பெயர் லவ்லெஸ். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர்.

“கத்தி வேண்டுமானால் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்” என்றார்கள் கடைக்காரர்கள்.

வாலிபருக்குப் பொறுமை இல்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் ஸ்பிரிங் பட்டையை வாங்கினார். கப்பலின் சமையலறை அடுப்பிலேயே அதைக் காய்ச்சிக் கத்தி செய்தார். அதைக் கொண்டு போய் அதே கடையில் காட்டினார். கடைக்காரர்கள் அவர் கத்திகளை வாங்கி விற்கத் தொடங்கினார்கள்!

பின்னாளில் லவ்லெஸ் உலகப் புகழ் பெற்றார். 1970-ல் கத்தி செய்வோர் ஒன்று கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். 2010-ல் அவர் மறைந்தார்.

ஸ்கேகலின் கத்தியைப் பார்த்து ராண்டல் வந்தார். ராண்டலின் கத்திக்கு ஆசைப்பட்டு லவ்லெஸ் வந்தார். இவர்கள் யாரும் கொல்லர் பரம்பரையில் வந்தவர்கள் அல்லர். பொழுதுபோக்காக நுழைந்தவர்கள்தான் தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள்!

இரகசியத்தைக் கொடுத்தவர்

இவர்களை எல்லாம் விட முக்கியமான ஒருவர் உண்டு. அவர் மோரன். மேரிலாந்து மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் 1925-ல் பிறந்தவர். பண்ணையை விற்று விட்டுக் கத்தித் தொழிலுக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இரும்பை உலையில் காய்ச்சி, சுத்தியலால் அடித்துக் கத்தி செய்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் உருக்குத் தகட்டை வெட்டி, சாணையில் தேய்த்துச் செய்தார்கள். அடிக்கும் கலை மறைந்து கொண்டிருந்தது.

1973-ல் நடந்த கண்காட்சியில் மோரன் சில கத்திகளை வைத்தார். அவற்றின் மேல் தண்ணீரில் அலை ஓடுவது போலக் கோடுகள் ஓடின. கூட்டம் கூடி விட்டது! இரண்டு வகை உருக்கை அடுக்கி, காய்ச்சி, ஒன்றாக அடித்து ஒட்டி, மடித்து மடித்து அடித்தால் இந்தக் கோடுகள் வரும். இரண்டு அடுக்கை ஒரு முறை மடித்தால் நான்கு. மறுபடி மடித்தால் எட்டு. இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகள் ஆகும்.

மோரன் நினைத்திருந்தால் இந்த வித்தையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். தாம் ஒருவரே பணம் சேர்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1976-ல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார். 1988-ல் ஆர்க்கன்சா மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் அந்தச் சங்கத்தின் பள்ளிக்கூடம் நடக்கத் தொடங்கியது. மோரன் 2006-ல் காலமானார். அவர் மூட்டிய உலை அணையவில்லை.

பரீட்சை என்றால் இதுதான் பரீட்சை!

அந்தச் சங்கத்தில் பட்டம் வாங்குவது சுலபம் அல்ல. முதல் பட்டத்துக்கே ஒரு கடும் பரீட்சை உண்டு. பரீட்சைக்குத் தாமே அடித்த ஒரு கத்தியைக் கொண்டு வர வேண்டும்.

முதலில், ஓர் அங்குலக் கனமுள்ள கயிற்றைத் தொங்க விடுவார்கள். கீழே கட்ட மாட்டார்கள். அது காற்றில் ஆடும். அதை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும்.

அடுத்து, கட்டடம் கட்டும் மரச் சட்டத்தை இரண்டு முறை துண்டாக வெட்ட வேண்டும்.

அதற்குப் பிறகும் அந்தக் கத்தி கை ரோமத்தைச் சவரம் செய்ய வேண்டும்!

கடைசியில், கத்தியை இடுக்கியில் பிடித்து, சுவர் மூலையைப் போல் 90 பாகை வளைப்பார்கள். அப்போது கத்தி ஒடியக் கூடாது.

கடினமான கத்தி கூர் தாங்கும். ஆனால் வளைத்தால் ஒடியும். மெதுவான கத்தி வளையும்; ஆனால் கூர் தாங்காது. ஒரே கத்தியில் இரண்டு குணமும் வேண்டும். வாய் கடினமாகவும் முதுகு மெதுவாகவும் இருக்க வேண்டும்.

இது எப்படி முடியும்? நெருப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. காந்தம் ஒட்டாத அளவுக்கு உருக்கைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்க வேண்டும். உருக்கு கண்ணாடி போல் கடினமாகும். பிறகு சுமார் 200 டிகிரி சூட்டில் மறுபடி இளஞ்சூடு காட்டி அதைப் பதப்படுத்த வேண்டும். முதுகுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டினால் முதுகு மெதுவாகி விடும்.

முதல் பட்டத்தோடு முடியவில்லை. மேலும் இரண்டு ஆண்டு உழைத்தால்தான் ஆசான் பட்டத்துக்கு நிற்கலாம். அதற்கு 300 அடுக்குக்குக் குறையாத கத்தி கொண்டு வர வேண்டும்.

கத்தி வாங்குகிறவருக்கு உருக்கின் குணம் தெரியாது. பரீட்சை அவருக்குப் பதிலாகப் பார்த்துக் கொள்கிறது. கைக்கத்தி விற்பது நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கைக்கு இந்தப் பரீட்சை ஒரு முத்திரை.

தென்னாட்டு உருக்கு

பொழுதுபோக்குக்காரர்களும் தொழிலாளிகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

பழங்காலத்தில் தென்னிந்தியாவில் மண் குகையில் இரும்பைக் கரியோடு வைத்து உருக்கி, அருமையான உருக்கு செய்தார்கள். ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் பழைய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. சேலம் வட்டாரமும் இதற்குப் பேர் போனது. இந்த உருக்கு கடல் கடந்து மேல் நாடுகளுக்குப் போயிற்று. அதில் அடித்த வாள்களில் இயற்கையாகவே அலைக்கோடு விழும். பிற்காலத்தில் அந்த வித்தை மறைந்து விட்டது.

புளோரிடாவில் பென்ட்ரே என்று ஒருவர் இருந்தார். குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். கத்தியும் அடிப்பார். அவரும், அயோவா மாநிலப் பல்கலைக் கழக விஞ்ஞானி வெர்ஹோவனும் சேர்ந்து பல ஆண்டு முயன்றார்கள். 1990-களில் பழைய அலைக்கோட்டு உருக்கைத் திரும்பவும் செய்து காட்டினார்கள்! அந்த இரும்புத் தாதுவில் வனேடியம் என்ற உலோகம் கடுகளவு கலந்திருந்ததே கோடுகளுக்குக் காரணம் என்று கண்டார்கள். அந்தத் தாது தீர்ந்து போன போது வித்தையும் தீர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

லாடம் அடிக்கும் தொழிலாளியும் கல்லூரி ஆசிரியரும் ஒரே உலையின் முன் நின்றதால் இது நடந்தது.

கணக்குப் பார்க்க வேண்டும்

இவ்வளவும் நல்ல செய்தி. இனி, கவலைப்படும் தாயின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்க்க வேண்டும்.

ஒருவர் ஒரு கத்தியை 300 டாலருக்கு விற்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். பெரிய தொகை போலத் தோன்றும். உருக்கு, கைப்பிடி மரம், தோல் உறை, சாணைப் பட்டை, எரிவாயு, மின்சாரம், தபால் செலவு என்று 80 டாலர் போனால், மிச்சம் 220. அந்தக் கத்திக்கு 15 மணி நேரம் உழைத்திருந்தால், மணிக்கு 15 டாலர் கூடக் கிடைக்காது. வைத்தியச் செலவுக்கான இன்ஷூரன்சையும் அவரே கட்டிக் கொள்ள வேண்டும். ஒரு கத்தி எண்ணெயில் முக்கும் போது விரிசல் விட்டால், அத்தனை உழைப்பும் வீண்!

போட்டியும் கடுமை. பாகிஸ்தானில் வசீராபாத் போன்ற ஊர்களிலிருந்து அலைக்கோடு போட்ட கத்திகள் மலிவாக வருகின்றன. 2015-ல் கத்தி அடிக்கும் போட்டி ஒன்றை அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஆயிரமாயிரம் பேருக்கு ஆசை வந்தது. வாங்குகிறவர்களும் பெருகினார்கள். விற்கிறவர்களும் பெருகினார்கள்.

உடம்புக்கும் ஆபத்து உண்டு. சாணைத் தூள் மூச்சில் போனால் நுரையீரல் கெடும். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் சாணையின் முன் நிற்கக் கூடாது.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

சியாட்டில் நகரில் கிராமர் என்று ஒருவர். சமையல்காரராக இருந்தவர். முதலில் ஓட்டல்களுக்குக் கத்தி சாணை பிடித்துக் கொடுத்தார். தினப்படி வருமானம் வந்தது. சமையல்காரனுக்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும் என்பதும் தெரிந்தது. அதன் பிறகே சங்கத்தில் பயின்று, ஆசான் பட்டம் பெற்றார். எல்லோரும் வேட்டைக் கத்தி செய்து கொண்டிருந்த போது அவர் சமையல் கத்தி செய்தார். இன்று உலகத்தில் பெயர் சொல்லும் கத்திக்காரர்களில் அவர் ஒருவர்.

வேறு சிலர் சனி, ஞாயிறுகளில் மற்றவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். பொழுதுபோக்குக்காரர் கொடுக்கும் சம்பளம், தொழிலாளியின் வீட்டு வாடகைக்கு ஆகிறது. பொழுதுபோக்குக்காரர்தான் நல்ல கத்தியின் அருமை தெரிந்து விலை கொடுப்பவரும். எனவே பொழுதுபோக்குக்காரர்களைத் தொழிலின் எதிரிகள் என்று நினைப்பது தவறு. அவர்கள்தான் தொழிலுக்கு வேலி.

ஆகவே, ஆசைப்படும் வாலிபருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பட்டறை வைக்கலாம், வேலையை விட வேண்டாம். மாலை நேரத்தில் அடிக்கலாம். தெரிந்த ஒரே வகை உருக்கில் கை பழகும் வரை அடிக்கலாம். ஆர்டர் புத்தகம் ஓர் ஆண்டுக்கு நிறைந்து, கையில் ஓர் ஆண்டுச் செலவுக்குப் பணமும் இருந்தால், அன்றைக்கு யோசிக்கலாம்.

தகப்பனுக்கும் ஒரு வார்த்தை. மகனைத் தடுக்க வேண்டாம். தன் கையால் ஒரு நல்ல கத்தியைச் செய்து முடித்தவன், எந்த வேலைக்குப் போனாலும் அவசர வேலை செய்ய மாட்டான்.

தமிழ்நாட்டுக் கிராமக் கொல்லரும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறார். ராண்டலும் லவ்லெசும் முதலில் எடுத்தது அதே இரும்புதான். அமெரிக்காவில் அந்த இரும்பு மதிப்புப் பெற்றதற்குக் காரணங்கள் மூன்று: செய்தவர் தம் பெயரைக் கத்தியில் பொறித்தார், பரீட்சைக்கு நின்றார், தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

இந்த மூன்றும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே எந்திரம் எத்தனை வந்தாலும் உலை அணையாது!