விறகு பாதி, கேஸ் மீதி

கோத்தகிரியில் மார்கழி விடியலில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி. குளிக்கிற பதம் 40 டிகிரி. ஆளுக்கு 20 லிட்டர் என்றால் அதைச் சூடேற்ற 560 கிலோகலோரி வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் கேஸ் கீசரில் 60 கிராமுக்கு மேல் எரிந்துவிடும். நாலு பேர் குளிக்கிற வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் குளியலுக்கே இரண்டு மாதம் தாங்காது.

கொல்லையில் அத்தை காலத்துச் செப்பு பாய்லர் இருக்கிறது. கவாத்து செய்த தேயிலைக் குச்சிக்கும் சில்வர் ஓக் சுள்ளிக்கும் இங்கே பஞ்சமில்லை. பாய்லரில் சூடான தண்ணீரைக் கீசருக்குள் விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. 30 டிகிரியில் உள்ளே போனால் கேஸ் ஏற்ற வேண்டியது மீதிப் பத்து டிகிரிதான். செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

கணக்கு சரி. இணைத்த விதம்தான் தவறு. பிளம்பர் நேராகக் குழாயைப் பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை குழாயைத் திறந்த அத்தை "ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டார். புறங்கை சிவந்துவிட்டது.

எங்களுடையது போன்ற சாதாரண கீசருக்குத் தண்ணீர் ஓடுவதுதான் தெரியும், அது சுடுகிறதா குளிர்கிறதா என்று தெரியாது. ஓட்டம் வந்ததும் பற்றிக்கொண்டு, நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் ஏறக்குறைய 25 டிகிரி ஏற்றிவிடும். பாய்லரிலிருந்து 45 டிகிரியில் வந்த தண்ணீர் 70 ஆகிவிட்டது. 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலை வேகவைக்கும். வீட்டில் குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் இதை ஒருநாளும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதன்பிறகு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தோம். பாய்லர் தண்ணீரை இப்போது நாங்கள் எடுப்பதே இல்லை. அதற்குள் ஒரு செப்புக் குழாய்ச் சுருள் கிடக்கிறது. மாடித் தொட்டித் தண்ணீர் அந்தச் சுருளுக்குள் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிறது. இதனால் கீசருக்கு வேண்டிய அழுத்தம் குறைவதில்லை, பாய்லரின் வாயும் எப்போதும்போல் திறந்தே இருக்கிறது. அந்த வாயை மட்டும் அடைக்கவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அடைத்த பாய்லர் வெடிகுண்டுதான்.

சுருளுக்கும் கீசருக்கும் நடுவே ஒரு மிக்சிங் வால்வு. குழாய் மூடியிருக்கும்போது சுருளில் தேங்கிய தண்ணீர் பாய்லர் அளவுக்கே கொதித்திருக்கும். வால்வு அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, 30 டிகிரிக்கு மேல் போகாமல் கீசருக்கு விடுகிறது. கீசரின் கேஸ் திருகையும் குறைத்து வைத்திருக்கிறோம். புதிதாக வாங்குபவர்கள், வெளிவரும் சூட்டைப் பார்த்துச் சுடரைத் தானே குறைத்துக்கொள்ளும் ரகமாக வாங்குங்கள். உள்ளே விடும் தண்ணீர் எத்தனை டிகிரிவரை இருக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் போகும் வழிக்குச் சாதாரண பிவிசி ஆகாது. செம்போ சிபிவிசியோ போடுங்கள்.

இன்னொன்று. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டுகிற வழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. எரிகிற சுடர் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குளிக்கப் போனவர் மயங்கி விழுவது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. எங்கள் கீசர் இப்போது வெளிச்சுவரில், கூரைச் சார்ப்புக்குக் கீழே இருக்கிறது. உங்களுடையது உள்ளே இருந்தால், மற்ற வேலைகளுக்கு முன்னால் அதை வெளியே மாற்றிவிடுங்கள்.