அளவுகோலுக்குத் தாட்சணியம் இல்லை

வாரந்தோறும் இப்பகுதியில் நூல்களையும் நம்மவர் பழக்கவழக்கங்களையும் பற்றி எழுதிவரும் நான், இன்று ஒரு லொறியைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவருக்கு எண்ணெய் படிந்த கராஜில் என்ன வேலை என்று என் மனைவியே கேட்டாள். நான் அங்கு கற்பிக்கப் போகவில்லை; கற்றுக்கொண்டு திரும்பினேன். அதுவும் என் பழைய மாணவன் ஒருவனிடம்.

நடந்தது 2023 ஆம் ஆண்டில். எங்கள் அயலில் வாழும் நண்பர் ஒருவரிடம் ஒரு பழைய ஜப்பானிய டீசல் லொறி உண்டு. யாழ்ப்பாணத்து வெங்காயத்தைக் கண்டிக்கு ஏற்றிச் செல்வதும், நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வருவதும் அவர் தொழில். ஒருநாள் மலையேற்றத்தில் றேடியேற்றர்க் குழாய் வெடித்தது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதை அவர் கண்டார். ஆயினும், அடுத்த கடைவீதிவரை போய்விடலாம் என்று துணிந்து ஓட்டினார். அந்த இரண்டு மைல் தூரமே எஞ்சினுக்கு இறுதி யாத்திரையாயிற்று. சுமை சுமக்கும் லொறி இன்னொரு லொறியின் முதுகில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது.

வேறொன்று வாங்கலாமே என்பீர்கள். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை பெரும்பாலான வாகனங்களுக்கு 2025 இல்தான் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளின் விலை யானை விலையாயிற்று. எனவே பழைய எஞ்சினைப் பிரித்து மீளக் கட்டுவதே வழி எனத் தீர்மானமாயிற்று. லொறியின் தானியங்கிக் கியரும் ஏற்றங்களில் வழுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கான உதிரிப்பாகம் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை எட்டாது. ஆகவே அதையும் கழற்றிவிட்டு, கையால் மாற்றும் கியர் பூட்டுவதென முடிவாயிற்று. நண்பரின் மனைவியின் நகைகள் வங்கிக்குப் போயின.

டீசல் எஞ்சினின் வரைபடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைபவன் நான். ஆனால் திறந்து கிடந்த டீசல் எஞ்சினை அன்றுதான் முதன்முறை கண்டேன். ஜேர்மனியரான றுடோல்ப் டீசல் 1890 களில் வகுத்த முறை எளிமையானது. பொறி கிடையாது. காற்றை அதன் பருமனில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அதனுள் எண்ணெயைப் பீச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். 1897 இல் ஆக்ஸ்பேர்க் நகரில் பரிசோதிக்கப்பட்ட அவரது எஞ்சின், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. ஆனால் இவ்வளவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நெருக்கப்பட்ட காற்று கசியக் கூடாது. ஆகவே டீசல் எஞ்சினைக் கட்டுவது என்பது இடைவெளிகளை அளந்து ஆளுவதேயாகும்.

என் மாணவன் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவன் அல்லன். இங்கோ அவன் செய்த ஒவ்வொன்றிலும் ஒழுங்கு இருந்தது. கழற்றிய ஒவ்வொரு மூடிக்கும் இலக்கமிட்டான். முதலாம் சிலிண்டரின் மூடி முதலாம் சிலிண்டருக்கே திரும்ப வேண்டும், திசையும் மாறக் கூடாது என்றான். சூட்டினால் வளைந்திருந்த சிலிண்டர் ஹெட்டின் மேல் நேர்விளிம்புக் கோலை வைத்து, அடியில் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தான். வெடிப்பு உண்டோ என்று ஹெட்டை நீரழுத்தத்தில் சோதிக்க அனுப்பினான். புதிய பிஸ்டன் வளையங்களை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் இறக்கி, முனைகளின் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டான்.

சிக்கல் கிராங் தண்டில் வந்தது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது அத்தண்டு. அதன் கழுத்துகளில் ஒன்று வட்டம் குன்றி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. வேறுபாடு 0.08 மில்லிமீற்றர். கைநூல் அனுமதித்ததோ 0.05. மிகை நம் தலைமயிரின் பருமனிற் பாதியும் இல்லை. ஆனால் தண்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி அரைத்து, அதற்கேற்ற தடித்த பெயாரிங்குகள் வாங்க வேண்டும். செலவு ஒருபுறம், மேலும் இரண்டு கிழமை தொழில் இல்லை.

நண்பர் என்னை அழைத்தார். "மாஸ்டர், உங்கள் பெடியன்தானே, ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை. "தம்பி, இம்முறை இப்படியே சமாளிக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "சேர், திருகுக் கணிச்சியால் கம்பியின் விட்டத்தை அளக்க நீங்கள்தான் பழக்கினீர்கள். ஒரு பிரிவு தவறினாலும் புள்ளி குறைத்தீர்கள். அது எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை. இங்கே வந்துதான் விளங்கியது. இப்போது நீங்களே விட்டுவிடச் சொல்கிறீர்களா?"

நான் வாயடைத்து நின்றேன். தண்டும் பெயாரிங்கும் நேரே உரசுவதில்லை. அவற்றுக்கிடையே ஓர் எண்ணெய்ப் படலம் அழுத்தத்தில் நின்று தாங்குகிறது. வட்டம் கெட்டால் இடைவெளி கெடும். எண்ணெய் வழிந்து படலம் அறும். உலோகம் உலோகத்தைக் கடிக்கும். பின்னர் இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சினின் உடலையே துளைத்துக்கொண்டு வெளிவரவும் கூடும். இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்திருந்தும் தாட்சணியத்துக்காக மறந்தேன்.

நம்மிடம் 'சமாளித்தல்' என்றொரு கலை உண்டு. அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. 1990 களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினார்கள் நம் மெக்கானிக்குகள். இவனுடைய தந்தையாரும் அவர்களில் ஒருவர். அன்று அக்கலை நோயாளரை வைத்தியசாலைக்குச் சேர்த்தது. ஆனால் வழியில்லாத காலத்துக்குரிய உபாயத்தை வழியுள்ள காலத்துக்கும் விதியாக்குவது பிழை. மண்ணெண்ணெய்க் கார் இடையில் நின்றால் இறங்கித் தள்ளலாம். நாலு தொன் சுமையோடு மலைச் சரிவில் எஞ்சின் இறுகினால் யார் தள்ளுவது?

தண்டு பட்டறைக்குப் போயிற்று. காத்திருந்த நாட்களில் கியர் வேலை நடந்தது. தானியங்கி முறையில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது சுழலும் எண்ணெய். அதை அகற்றினால் கனத்த பிளைவீல், கிளச் தட்டு, அழுத்தும் தட்டு, மூன்றாவது மிதி, அதற்கு எண்ணெய் அழுத்தம் தரும் சிலிண்டர்கள் எல்லாம் வேண்டும். புதிய கியர்பெட்டியின் நீளம் வேறாகையால், பின்சில்லுக்குச் செல்லும் தண்டை வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்கவேண்டும். அன்றேல் லொறி நடுங்கும். கியர் சுயநிலையில் இல்லாதபோது எஞ்சின் இயங்காதபடி தடுத்த பழைய மின்கம்பிகளை வெறுமனே முறுக்கி விடாது, கிளச் மிதியோடு ஓர் ஆளியை அவன் பொருத்தினான். இந்த எஞ்சினின் எண்ணெய்ப் பம்பி இயந்திர முறையினது. அதனால் இவ்வளவோடு முடிந்தது. கணினி ஆளும் இன்றைய லொறிகளாயின், அக்கணினிக்கும் புதுப்பாடம் புகட்டவேண்டும் என்றான்.

தானியங்கிக் கியர் தாழ்ந்தது என்பதல்ல என் கருத்து. நகர நெரிசலில் அது வரப்பிரசாதம். ஆனால் நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கண்டி ஏறக்குறைய 500. அந்த இறக்கம் முழுவதும் பிறேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். சிறிய கியரில் எஞ்சினே சில்லுகளைப் பிடித்து இறக்கவேண்டும். வழுக்கும் கியர் அங்கு பிடிக்காது.

தண்டு திரும்பியது. மறுபடியும் அளந்தான், பட்டறையையும் அவன் நம்பவில்லை. ஹெட்டின் ஆணிகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, முறை முறையாக, விசைமானிச் சாவியால் இறுக்கினான். முதலில் எரிபொருளை அடைத்துவிட்டு எஞ்சினைச் சுழற்றி எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்தான். பின்பு குழாய்களிலிருந்த காற்றை அகற்றிச் சாவியைத் திருப்பினான். வெண்புகை கக்கி, இருமி, பின் சீராக இயங்கியது. நண்பரின் தாயார் தேங்காய் உடைத்தார். நண்பரோ ஒன்றும் பேசாது எண்ணெய் அழுத்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் 1,000 கிலோமீற்றர் குறைந்த சுமையோடு ஓட்டும்படி அவன் பணித்தான். அம்முறை நண்பர் சமாளிக்கவில்லை, சொன்னபடியே ஓட்டினார். நகைகள் வீடு திரும்ப ஓராண்டு சென்றது.

கழற்றிய பழைய பெயாரிங் ஒன்றை நான் கேட்டு வாங்கிவந்தேன். வெள்ளி நிற மேற்படை தேய்ந்து செம்பு வெளித்தெரியும் அத்துண்டு, இப்போது எங்கள் ஆய்வுகூட மேசையில் திருகுக் கணிச்சிகளின் அருகே இருக்கிறது. ஒரு பிரிவு தவறியதற்காகப் புள்ளி குறைந்தது என்று மாணவர் எவரேனும் முகம் சுளித்தால், அதனை எடுத்து அவர் கையில் வைக்கிறேன்.